வைஃபை கார்டும் தங்கையின் கையும்

கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுக் கொடுப்பதால் லினக்ஸ்காரர் என்றுதான் தெருவில் அவரைச் சொல்வார்கள். அரைகுறையாக ஓடும் எதையும் விட்டுவைக்க மாட்டார். கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவருக்கு அது நல்ல குணம்தான். அன்றைக்கு அதுவே குடியைக் கெடுத்தது.

அவருடைய தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை, எழுதப் படிக்கவும் தெரியாது. கைதான் அவளுக்கு வாய். வெளியூரில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில் அந்த வலது கை மெஷினில் சிக்கி நசுங்கிவிட்டது. மணிக்கட்டோடு எடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். கூட இருந்த தோழி போனில் அழுதாள்.

"அண்ணே, எனக்கு அவ பாஷை ஏதோ கொஞ்சம்தான் தெரியும். கட்டுப் போடத்தான் கூட்டிட்டுப் போறாங்கன்னு நினைச்சிட்டிருக்கா. வீடியோவுல வந்து நீங்களே சொல்லிடுங்க. சீக்கிரம்ணே!"

அவரிடம் இருந்தது பட்டன் போன். கடைக் கம்ப்யூட்டரில் புதிதாக மாட்டிய வைஃபை கார்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் படம் நின்று நின்று வந்தது. விரல் குழம்பினால் அர்த்தமே மாறிவிடுமே என்று பயந்தார். கார்டை ஓட்டும் சாஃப்ட்வேர்தான் டிரைவர்; இதற்கு வேறு நல்ல டிரைவர் இருக்கிறதே என்று பழையதைத் தூக்கினார். தூக்கிய பிறகுதான் உறைத்தது. புது டிரைவரை இறக்க நெட் வேண்டும். நெட் வர டிரைவர் வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்! வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாரே மனுஷன்!

பென்டிரைவோடு எதிர்த்த ஜெராக்ஸ் கடைக்கு ஓடினார். இறக்கி வந்து போட்டால் எர்ரர், இன்னொரு ஃபைல் கேட்டது. மறுபடி ஓடினார். அதுவும் போதவில்லை. திரும்பவும் மூச்சிரைக்க வந்து நின்றவரை ஜெராக்ஸ்காரர் பிடித்து நிறுத்தினார்.

"என்னய்யா, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?"

விஷயத்தைச் சொன்னார்.

"அடப் பாவி! வீடியோ காலுக்கா இந்தப் பாடு? என் போன் இங்க சும்மாதானே கிடக்குது!"

அவருக்கு அது தோன்றவே இல்லை. கார்டைத் தவிர உலகத்தில் வேறெதுவும் அவர் கண்ணில் படவில்லை. போனைப் பிடுங்கிக் கூப்பிட்டார்.

"உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்கண்ணே," என்றாள் தோழி. "சிரிச்சுக்கிட்டே போனா."

மறுநாள் கார்டு கச்சிதமாக ஓடியது. படத்தில் ஒரு துளி பிசிறு இல்லை. கட்டிலில் சாய்ந்திருந்தாள் தங்கை, வலது பக்கம் பெரிய கட்டு. பழக்கமில்லாத இடது கையால் தட்டுத்தடுமாறிக் கேட்டாள்: "உனக்குத் தெரியும்தானே? ஏன் என்கிட்ட சொல்லல?"

பதில் சொல்ல இரண்டு கையும் வேண்டும். அவள் கண்ணெதிரே வலது கையைத் தூக்க அவருக்கு மனசு வரவில்லை.