லவோனின் மொட்டை டாலர்கள்

தம்பி டெல்பர்ட் அலாஸ்காவுக்கு மீன்பிடிக் கப்பல் வேலைக்குக் கிளம்பிய ஞாயிற்றுக்கிழமை, கார்சன் சிட்டி பேருந்து நிலையத்தில் கண்ணைத் திறக்க முடியாத புழுதிக் காற்று. லவோன் அவன் கால்சட்டைப் பையில் ஒரு வெள்ளி டாலரைத் திணித்தாள்.

"அதிர்ஷ்டக் காசுடா. கை சும்மா இருக்கும்போதெல்லாம் தேய்ச்சுக்கிட்டே இரு. செலவழிச்சே, கையை ஒடிச்சிடுவேன்."

"தேய்ச்சா பூதம் வருமாக்கா?"

பூதம் வராது, லவோனுக்கு வேண்டியது வரும். நாணயச் சங்கத்தில் எல்லோரும் கை படாத, பளபளக்கும் பழைய டாலர்களுக்கு அலைந்தார்கள். அவள் சேர்த்ததோ தேய்ந்து வழுவழுப்பான மொட்டைக் காசுகள். அதற்கும் போட்டி உண்டு, சட்டமும் உண்டு: முன்பக்கத்துப் பெண் முகம் அழியலாம், பின்பக்கத்துக் கழுகு அழியலாம், ஆண்டும் அச்சடித்த ஊரின் எழுத்தும் தெரிய வேண்டும். அதற்குமேல் எவ்வளவு கேவலமோ அவ்வளவு பெருமை.

தபால்காரியாக ஊரெல்லாம் நடந்தபோது, பையில் சாவிக்கொத்தோடு குலுக்கியே வரிசையை ஏறக்குறைய முடித்துவிட்டாள். பாக்கி இந்த ஒன்றுதான்: உள்ளூரிலேயே அச்சான, கிடைப்பதற்கரிய 1889. பின்பக்கம் கார்சன் சிட்டியைக் குறிக்கும் 'சிசி' என்று இரண்டு எழுத்து; அது இல்லாத 1889 எங்கும் கிடைக்கும். அது பாதி தேய்ந்திருந்தபோது முழங்கால் மக்கர் செய்தது, நடை நின்றது. டெல்பர்ட்டுக்கோ விரல் அடங்காது. அவனிடம் சட்டைப் பொத்தான்கூடத் தப்பியதில்லை.

சங்கத் தலைவர் ஓரின் தலையில் அடித்துக்கொண்டார். "அவன்கிட்டயா குடுத்தே? சூதாட்டத்துல விட்டுருவானே! அதோட மதிப்பையாவது சொன்னியா?"

"சொல்லியிருந்தா அன்னிக்கே விட்டிருப்பான்."

"தேய்ச்சு தேய்ச்சு ஆண்டே போயிட்டா?"

"உங்க கரிநாக்கைக் கொஞ்சம் உள்ள வைங்க, ஓரின்."

டெல்பர்ட் எப்போதாவது கூப்பிடுவான். குளிருதா என்று கேட்பதற்கு முன்பே லவோன் கேட்பாள்: "தேய்க்கிறியா?"

"கட்டைவிரலே காய்ச்சுப்போச்சுக்கா."

"அந்தப் பொம்பளைக்கு மூக்கு தெரியுதா?"

"மூக்கா? மூஞ்சியே இல்ல."

லவோன் சந்தோஷத்தில் போட்ட கூச்சலில் அவன் பயந்துபோய் போனை வைத்துவிட்டான். அப்புறம் கப்பல் கடலுக்குள் போனது. ஒரு தகவலும் இல்லை. குளிர்காலம் முழுக்க அவள் சங்கத்தில் ஓரினின் கண்ணில் படாமல் உட்கார்ந்தாள்.

பனி உருகியபின் கைபேசிக்குச் செய்தி வந்தது:

"அக்கா, நீ அன்னிக்குக் கத்தினது காதுலயே நிக்குது. உன் காசைத் தேய்ச்சே பாழாக்கிட்டேன். கரைக்கு வந்ததும் ஒரு காசுக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பூதக்கண்ணாடியில பாத்து, 'ஆண்டும் இருக்கு, எழுத்தும் இருக்கு'ன்னு என்னைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டார். தங்கமான மனுஷன். அதை எடுத்துக்கிட்டு, அதே 1889-ல பளபளன்னு புதுசா ஒண்ணு குடுத்தார். பின்னாடி அந்த ரெண்டு எழுத்து மட்டும் இல்ல. பரவாயில்லதானே?"