இரண்டாவது சரணம்

என் கணவருக்குக் குரல் ஒன்றும் பிரமாதம் கிடையாது. ஆனாலும் மகளின் கல்யாண விருந்தில் ஒரு பழைய சினிமாப் பாட்டைப் பாடியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். பல்லவியில் விசேஷமில்லை, நிலவு, காற்று, வழக்கமான சங்கதி. இரண்டாவது சரணத்தில்தான் ஓர் அப்பன், புகுந்த வீட்டுக்குப் போகிற மகளிடம் பேசுகிறான். இவருக்கு மகளிடம் நேரில் நாலு வார்த்தை பேச வராது. பாட்டிலாவது சொல்லிவிடலாம் என்று நினைத்தார்.

அதனால் கெலுகோரில் எங்கள் வீட்டில் எனக்கு நிம்மதி போயிற்று. நான் குசினியில் மீன் கழுவும்போது பின்னால் வந்து நின்று பாடுவார். அந்தச் சரணம் வந்ததும் தொண்டை அடைத்துவிடும்.

"இப்பவே இப்படின்னா அங்க என்னங்க செய்வீங்க?" என்று கிண்டல் செய்வேன். மீனைச் சாக்காக வைத்து நானும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

விருந்து செபராங் ஜெயாவில் ஒரு மண்டபத்தில். மகளும் மாப்பிள்ளையும் உள்ளே நுழைவதையே மறுபடி மறுபடி நடக்கவைத்துப் படம் எடுத்தார்கள். எந்தப் பாட்டும் காதில் ஏறும்வரை ஓடவில்லை. இப்போதெல்லாம் பாட்டு கேட்பதற்கில்லை, வீடியோவுக்கு அடியில் போடுவதற்கு. கடைசியில் இவர் முறை வந்தது. பல்லவியைப் பாடி முடித்து மூச்சு இழுப்பதற்குள் டிஜே தாளத்தை ஏற்றிவிட்டான். கூட்டம் எழுந்து ஆட ஆரம்பித்தது.

"தம்பி, இன்னும் இருக்குப்பா," என்றார் இவர்.

"போதும்லா அங்கிள், செம்மையா வந்துருச்சு!" என்று மைக்கை வாங்கிக்கொண்டான்.

அசட்டுச் சிரிப்போடு மேடையை விட்டு இறங்கினார்.

அந்தப் பல்லவித் துண்டை யாரோ போனில் எடுத்துப் போட்டுவிட்டார்கள். சிம்பாங் அம்பாட் சம்பந்தி வீட்டிலிருந்து இவருடைய தொழிற்சாலை நண்பர்கள்வரை எல்லோரும் பார்த்து, கைதட்டலும் இதயமுமாக அனுப்பினார்கள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. வேலை விட்டு வந்ததும் அதையே போட்டுப் பார்ப்பார். யார் புதிதாக என்ன எழுதியிருக்கிறார்கள் என்று எனக்கு வாசித்துக் காட்டுவார்.

"அந்தச் சரணத்த அவகிட்ட பாடவே இல்லியே?" என்றேன் ஒருநாள்.

"அதான் எல்லாரும் கேட்டுட்டாங்களே."

எதைக் கேட்டார்கள்? நிலவையும் காற்றையும். சண்டை போடலாம் என்று வாய்வரை வந்தது. தெம்பில்லை, விட்டுவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் சாப்பிட வந்திருந்தாள். இலேசில் மனம் ஆறவில்லை எனக்கு. தட்டுகளை எடுத்துவைத்துவிட்டு நானே ஆரம்பித்தேன்.

"அப்பா உனக்காகப் பழகுனது அந்த ரெண்டாவது சரணம்தான்மா. அன்னிக்குப் பாட விடல."

"ஐயோ, எனக்குத் தெரியாதும்மா. இப்பப் பாடுங்கப்பா," என்று நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். போனைக் கைப்பைக்குள் போட்டுவிட்டாள்.

"இரு, இரு," என்றார். தலையை வாரிக்கொண்டு வந்தார். தன் போனை என் கையில் கொடுத்தார். "நேரா நிமித்திப் பிடி. முகம் தெரியணும்."

பாடினார். தொண்டை அடைக்கவில்லை, ஒரு சொல்லும் பிசகவில்லை. எதிரே மகள் அழுதுகொண்டிருந்தாள். அவர் என் கையிலிருந்த போனைப் பார்த்துச் சிரித்தபடி பாடிக்கொண்டிருந்தார்.