இருப்பதற்கு ஒரு விசா: அரியாலை, கோப்பாய், பருத்தித்துறை

எங்கள் ஊரில் விசா என்றால் அது போவதற்குத்தான். கனடா ஸ்பொன்சர், பிரான்ஸ் ஸ்பொன்சர், எதைக் கேட்டாலும் மீன்சந்தையிலேயே பதில் கிடைக்கும். கல்யாணம் கட்டிக் கூட்டி வந்த துணையை இங்கே வைத்திருக்க விசாவை எப்படி நீட்டுவது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. கடந்த மார்கழியில் நானும் மனைவி மலரும் அதற்காக ஒரு நாள் குடாநாட்டைச் சுற்றினோம். அதே வேலையாக அலையப்போகும் இரண்டொரு பேருக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

மலர் வேதாரணியம் பக்கத்துக் கடற்கரைக்காரி. நான் பருத்தித்துறை. நடுவில் இருப்பது ஒரு துண்டுக் கடல், அறுபது கிலோமீற்றர் இருக்கலாம். அவள் என்னோடு இருக்கலாமா என்று தீர்மானிக்கும் அலுவலகம் கொழும்புப் பக்கம், நானூறு கிலோமீற்றர். ஆவணியில் பதிவுத் திருமணம் செய்து, அரியாலையில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தோம். அவளுடைய விசா முடிய ஒன்பது நாள் இருந்தது. நீட்டாவிட்டால் அவள் கிளம்ப வேண்டும்.

கடவுச்சீட்டு, பதிவுச் சான்றிதழ், என் அடையாள அட்டை எல்லாம் தயார். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கிறோம் என்ற கிராம சேவகரின் உறுதிக் கடிதம்தான் பாக்கி. எங்கள் பிரிவுக் கிராம சேவகர் ஒரு பெண். எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள்.

“வீட்டுக்காரரின்ரை கடிதம் கொண்டு வாங்கோ. இல்லாட்டி நான் பின்னேரம் வந்து அயலுக்குள்ளை விசாரிப்பன். உங்களைத் தெரியுமெண்டு ஆரும் சொன்னால்தான் எழுதலாம்” என்றார்.

இரண்டாவது வழி நடக்காது என்று நினைத்தேன். வந்த நாளே, வாசலில் போகும் சிறு ஒழுங்கைப் பக்கத்து ஜன்னலை நான் பூட்டிவிட்டேன். யார், எந்தப் பகுதி, அதாவது என்ன சாதி, எவ்வளவு சீதனம் என்று துருவும் கண்கள் எனக்கு ஆகாது. நாலு மாதத்தில் அயலில் ஒருவரோடும் நாங்கள் கதைத்ததில்லை.

காலை எட்டு மணிக்கு அறுநூறு ரூபாய்க்குப் பெற்றோல் அடித்துக்கொண்டு கோப்பாய்க்குப் போனோம். ஏழு கிலோமீற்றர். வீட்டுச் சொந்தக்காரர் கனடாவில். கோப்பாயில் இருக்கும் அவருடைய தம்பிதான் வாடகை வாங்குகிறவர். விறாந்தை மேசையில் கல்யாணப் படங்களைப் பரப்பி வைத்துத் தெரிவு செய்துகொண்டிருந்தார். மகளுக்குக் கனடா ஸ்பொன்சராம்.

“பொம்பிளை வீட்டாலை வீடு வளவு ஒண்டும் தரேல்லையோ?”

“இல்லை ஐயா.”

“என்ன பகுதி ஆக்கள்?”

நான் கடிதத்தைப் பற்றியே திரும்பக் கேட்டேன். மலர் முற்றத்து வாழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கள் ஊரில் ஆண் கல்யாணம் கட்டினால் பெண்ணின் சீதன வீட்டில்தான் குடியேற வேண்டும். அப்படி ஒரு வீடு இல்லாதவனை மரத்தடியில் நிற்கிற மாட்டைப் போலப் பார்ப்பார்கள்.

“வெளிநாட்டு ஆக்கள் எண்டால் எனக்குப் பிறகு கரைச்சல், தம்பி. கடிதம் தரேலாது” என்றார். நாங்கள் படலையைத் திறக்கும்போது கூப்பிட்டார். “அதுசரி, கனடாவுக்கு எத்தினை படம் குடுத்தால் காணும்?”

பருத்தித்துறையில் அக்காவைக் கேட்டுப் பார்க்கலாமென்று வண்டியை விட்டேன். கோபத்தில் நீர்வேலி, புத்தூர் எல்லாவற்றையும் பார்க்காமலே கடந்தேன். வல்லைவெளியில்தான் வேகம் குறைந்தது. குறைக்க வைத்தது காற்று. மார்கழி மழைக்கு வெளி முழுக்கத் தண்ணீர். வீதி மட்டும் ஒரு கோடாக நடுவில் கிடந்தது. இரு பக்கமும் வெள்ளைப் பறவைகள், எண்ண முடியாத அளவு. மலர் முதுகில் தட்டி நிறுத்தச் சொன்னாள். காற்று எங்களை மோட்டார் சைக்கிளோடு சேர்த்துத் தள்ளியது.

“இதெல்லாம் எங்க ஊருக்கு வர்ற பறவைங்க” என்றாள். “இதுங்கள யாரும் கடிதம் கேக்கறதில்ல.”

இந்த வழியால் போனவன்தான் நான், நூறு தடவை. அன்றைக்குத்தான் வாய் திறந்து நின்று பார்த்தேன். நீங்கள் போனால் காலை பத்து மணிக்கு முன்னர் போங்கள். தொப்பி போடாதீர்கள், காற்று கொண்டுபோய்விடும்.

பருத்தித்துறையில் எங்கள் வீடு இப்போது அக்காவின் சீதனம். அத்தான் கடற்றொழில். அக்கரைப் பெரிய படகுகள் அவருடைய வலையை இரண்டு முறை அறுத்திருக்கின்றன. நாங்கள் போனபோது அக்கரை வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். நாகப்பட்டினத்து மீனவர் கடலுக்குப் போக வேண்டாம் என்று அதில் சொன்னார்கள். அவர் எழும்பித் தன் படகை மேலே இழுக்கப் போனார். இரண்டு கரைக்கும் ஒரே காற்று. நானும் கூடப் போய் இழுத்தேன்.

அக்கா மீன்குழம்பும் புட்டும் தந்தாள். “டேய், நான் எழுதித் தாறன், நீங்கள் ரெண்டு பேரும் இஞ்சைதான் இருக்கிறியள் எண்டு. ஆர் வந்து பாக்கப் போறான்?”

எனக்குச் சம்மதம். மலர்தான் கையைக் கழுவிக்கொண்டு, “வேணாம் அண்ணி” என்றாள். “இல்லாத வீட்டுல இருக்கேன்னு எழுதிட்டு, இருக்கற வீட்டுல ஒளிஞ்சு இருக்கணுமா? அதுக்கு நான் ஊருக்கே போயிடுவேன்.”

திரும்பி வரும் முப்பத்துமூன்று கிலோமீற்றரையும் எங்கும் நிறுத்தாமல் ஓடினேன்.

நாங்கள் கடிதம் கொண்டு போகாததால், சொன்னபடியே நாலரை மணிக்கு மிஸ்ஸின் ஸ்கூட்டர் ஒழுங்கையில் நின்றது. முன்வீட்டு இராசமணி அக்காவும் பக்கத்து வீட்டுச் சுகந்தியும் ஏற்கெனவே வேலியடியில் நின்றார்கள்.

“உந்த வீட்டிலை ஆர் இருக்கினம்?” என்று மிஸ் கேட்டார்.

“உவை ரெண்டு பேரும்தான். ஆவணியிலை வந்தவை. பெட்டை இந்தியா” என்றார் இராசமணி அக்கா.

“ஒண்டாத்தான் இருக்கினமோ?”

“பின்னை? ஒண்டா இல்லாட்டி உப்பிடிச் சண்டை வருமோ?”

சுகந்தி முன்னே வந்தாள். “போன வெள்ளி சாம்பாருக்குச் சண்டை மிஸ். தேங்காய்ப்பால் விடாத கறி கறியோ எண்டு உவர் கேட்டவர். ‘உங்க அக்கா கையால போய்ச் சாப்பிடுங்க’ எண்டு அவ சொன்னவ.” மலரின் குரல் அப்படியே வந்தது.

“பிறகு?” மிஸ் கேட்ட விதம் அலுவலக வேலைக்காகக் கேட்டதுபோல இல்லை.

“பிறகென்ன, உவர் போய் முட்டை ரொட்டி வாங்கி வந்தவர். ரெண்டு பேரும் பின்படியிலை இருந்து சாப்பிட்டவை.”

“ஜன்னல் பூட்டித்தானே இருந்தது?” என்றேன், வாய் தவறி.

இராசமணி அக்கா என்னைப் பாவமாகப் பார்த்தார். “தம்பி, ஜன்னலைப் பூட்டினால் உங்களுக்குத்தான் எங்களைத் தெரியாது. எங்களுக்கு உங்களைத் தெரியும்.” பிறகு மிஸ்ஸிடம் திரும்பினார். “என்ரை மருமகளைப் பிரான்ஸுக்கு எடுக்கேக்கை, புருசன் கட்டிலிலை எந்தப் பக்கம் படுக்கிறவர் எண்டு கேட்டவங்கள். உங்களுக்கும் வேணுமெண்டால்…”

“காணும் அக்கா, காணும்.” மிஸ் சிரித்தபடி பேனையைத் திறந்தார். மலர் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

இராசமணி அக்கா சிரிக்கவில்லை. “இந்த ஒழுங்கையிலை எல்லாரும் போறதுக்குத்தான் கடிதம் வாங்கினவை. என்ரை ரெண்டு பிள்ளையளும் அப்பிடித்தான். இது இருக்க வந்த பிள்ளை. வடிவா எழுதுங்கோ மிஸ்.”

நான் நாலு மாதம் வெறுத்த கண்கள் அவை. கோப்பாயில் எங்கள் சாதியைத் துருவிய அதே ஊர்க் கண்கள்தான், அதை மன்னிக்க மாட்டேன். ஆனால் அந்தப் பின்னேரம் அந்த வேலியடியில் நின்றபோது வல்லைவெளியில் நின்றதுபோலத்தான் இருந்தது. காற்று மட்டும் இல்லை.

இனி உங்களுக்கு. கிராம சேவகரின் கடிதத்தில் பிரதேச செயலாளரின் மேலொப்பம் வேண்டும். அதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். கொழும்புக்குத் துணையும் நீங்களும் சேர்ந்து போங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி வைத்திருங்கள். விதிகள் மாறும், புறப்படும் முன்னர் கேட்டுவிடுங்கள். எங்களுக்கு ஒரு வருடம் தந்தார்கள். அடுத்த வருடமும் மிஸ் வந்து விசாரிப்பார்.

ஜன்னலைத் திறந்து விட்டோம். இதை எழுதும்போது அடுப்பில் பருப்பு வேகிறது. வேலிக்கு அப்பாலிருந்து சுகந்தியின் குரல்: “மலர், இண்டைக்கும் சாம்பாரோ?”

“ஓம்” என்று எங்கள் ஊர் ‘ஆமா’வையே சொல்கிறாள் மலர். “ஒரு கிண்ணம் எடுத்துட்டு வாங்க.”