இரண்டாம் நம்பர் மலையைக் காட்டிய கேமரா

2007ஆம் ஆண்டு, ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கொமினிகேஷனில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். போட்டோ கொப்பி, வெளிநாட்டுக் கோல், மூன்று கம்ப்யூட்டர், இவ்வளவுதான் கடை. மழை பிடித்துக்கொண்டால் ஈ காக்கை வராது. அப்படிச் சும்மா கிடந்த ஒரு பகலில்தான் அந்தக் கிறுக்கு எனக்குப் பிடித்தது.

உலகத்தின் மூலை முடுக்குகளில் யார் யாரோ கேமராவைப் பொருத்தி, அந்த நிமிடம் அங்கே நடப்பதை இணையத்தில் காட்டுகிறார்கள் என்று தற்செயலாகக் கண்டுபிடித்தேன். பெரிய நகரங்கள் ஒரே நாளில் அலுத்துவிட்டன. யாருக்கும் தெரியாத இடங்கள்தான் எனக்குப் பிடித்தன. பனித் தீவில் ஒரு சின்னத் துறைமுகம், பாலைவனத்தில் ஒரு தண்ணீர்க் குட்டை. குட்டைக்கு மான் வரும்வரை டீயை ஆற விட்டுக் காத்திருப்பேன்.

அப்படித் தேடியபோது ஒரு பட்டியலின் கடைசியில் ‘இலங்கை, தேயிலை மலை’ என்று இருந்தது. திறந்தால் ஒரே வெள்ளை. மூன்று நாள் பார்த்தும் மூடுபனிதான். நம்ம ஊர் கேமரா அல்லவா, வேறு எதைக் காட்டும்? நான்காம் நாள் பனி விலகியது. கோயில் கொடிமரம் தெரிந்தது. கொழுந்து நிறுக்கும் மடுவம் தெரிந்தது. நோர்வூட் பக்கம் எங்கள் தோட்டத்தின் இரண்டாம் நம்பர் மலை அது. பழைய துரை பங்களாவை வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் இடமாக மாற்றியிருந்தார்கள். அதன் கூரையிலிருந்து யாரோ எங்கள் மலையை உலகத்துக்கே காட்டிக்கொண்டிருந்தார்கள். நிமிடத்துக்கு ஒரு படம் மாறும்.

உடனே எனக்குக் கட்டார் நாட்டில் வேலையிலிருந்த அண்ணன் ஞாபகம்தான் வந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் அம்மா கடும் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்திருந்தார். தேறி, மலையில் கொழுந்து எடுக்கும் வேலைக்கும் போய்விட்டார். அண்ணன் நம்பவில்லை. அப்பா இறந்தபோது, அவன் பதறுவானே என்று இரண்டு நாள் மறைத்துச் சொன்னது நான்தான். அதிலிருந்து இந்தத் தங்கச்சி பேச்சு அவனிடம் எடுபடாது. போட்டோ அனுப்பினால் பழைய போட்டோ என்பான். அம்மாவே போனில் பேசினாலும், “நீ சொல்லிக்குடுத்துப் பேச வைக்கிற” என்பான். ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு அடுத்த மாதம் வந்துவிடுவதாக இருந்தான். வந்தால் திரும்பப் போக முடியாது. தோட்டம் கொடுத்த லயத்து அறைக்கு வெளியே ஒரு சொந்த வீடு என்று நாங்கள் நினைத்திருந்ததெல்லாம் அதோடு போச்சு.

அவனுக்கு வெள்ளிக்கிழமை லீவு. அந்த வெள்ளி இரண்டாம் நம்பர் மலையில்தான் கொழுந்து. இங்கே பதினொரு மணிக்கு அவன் அங்கே ஒரு நெட் கடையில் உட்கார வேண்டும், அம்மா அடையாளத்துக்குத் தலையில் மஞ்சள் துண்டு கட்ட வேண்டும் என்று ஏற்பாடு செய்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“அந்த நேரம் கூடையை எறக்கி வச்சிருங்கம்மா. இடுப்புல கட்டுற படங்குச் சாக்கையும் அவுத்துட்டு, நல்ல சீலையில நிமிந்து நில்லுங்க. ஒலகமே பாக்கும்” என்றேன்.

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் கடைக்கு வாரம் தவறாமல் மெயில் அனுப்ப வரும் யாழ்ப்பாணத்து டீச்சரிடம்கூட, அம்மா வீட்டில் தைக்கிறார் என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். அம்மாவுக்கு ஊசியில் நூல் கோக்கவே பொறுமை கிடையாது.

வெள்ளிக்கிழமை வந்தது. அன்று பார்த்து டீச்சரும் பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்தார். அண்ணன் போனில் காத்திருந்தான். திரை முழுக்கப் பனி. பத்து நிமிடம் அண்ணனும் நானும் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு படம் மாறியது. பார்த்தால், தலைக்குத் தலை மஞ்சள் துண்டு.

முதல் நாள் சாயங்காலம் குழாயடியில் அம்மா வாயை விட்டிருக்கிறார். யாருக்குத்தான் வெளிநாட்டில் ஒரு பிள்ளை இல்லை? கோயில் திருவிழாவுக்கு எடுத்த மஞ்சள் துண்டு எங்கள் தோட்டத்தில் வீட்டுக்கு வீடு இருக்கும் என்பது, அங்கேயே பிறந்து வளர்ந்த இந்தப் புத்திசாலிக்குத் தோன்றவே இல்லை. பத்துப் பன்னிரண்டு பேர் கூடையை இறக்கிவிட்டு, கல்யாண போட்டோவுக்கு நிற்பதுபோல பங்களாவைப் பார்த்து நின்றார்கள். முகம் எதுவும் தெளிவில்லை. நான் மூக்கை ஒட்டிப் பார்த்தும் அம்மாவைக் கண்டுபிடிக்க முடியவில்லை. போச்சு என்று நினைத்தேன்.

அண்ணன்தான் போனில் மெதுவாகச் சொன்னான்.

“பாப்பா, எல்லாரும் நிமிந்து நிக்கிறாங்க. ஓரத்து நெரையில ஒருத்தங்க மட்டும் கூடையோட குனிஞ்சிருக்காங்க பாரு. அம்மா அவங்கதான்.”

அடுத்த படத்தில் அந்த உருவம் ஒரு செடி தாண்டியிருந்தது. அதற்கடுத்த படத்தில் இன்னொரு செடி.

“பாத்தியா, நெரை ஏறிட்டாங்க” என்றவன் சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. “சரி பாப்பா. நான் இங்கயே இருந்து முடிச்சுட்டு வாறேன்னு அம்மாகிட்ட சொல்லிடு.”

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டதை டீச்சர் கவனித்துவிட்டார். திரையை எட்டிப் பார்த்து, “பிள்ளை, அது ஆர்?” என்று கேட்டார்.

“எங்க அம்மா டீச்சர்” என்றேன். “அந்தக் குனிஞ்சு கொழுந்து எடுக்குறவங்க.” குரல் நானே எதிர்பார்க்காத அளவுக்கு உரக்க வந்தது.

டீச்சர் தையலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பனி திரும்ப மூடும்வரை என்னோடு சேர்ந்து பார்த்தார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், ஏன் நிமிர்ந்து நிற்கவில்லை என்று அம்மாவிடம் கேட்டேன்.

“கங்காணியும்தான் மேல பாரு மேல பாருன்னாரு. நான் சும்மா நின்னா, நீ புடிச்சு நிக்க வச்சிருக்கன்னுதானே ஒங்கண்ணன் நெனப்பான்? கூடை இல்லாம என்னைய அவன் எப்ப பாத்திருக்கான்?” என்று சொல்லிவிட்டு, அடுப்பை மூட்டப் போய்விட்டார்.

அண்ணன் சொன்னபடி ஒப்பந்தத்தை முடித்துவிட்டுத்தான் வந்தான். அந்தக் கேமராவை எப்போதோ கழற்றிவிட்டார்கள். அம்மா என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று ஒரு காலத்தில் பயந்தவள் நான். இப்போதெல்லாம் அவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.