எஸ்தர் அக்கா வீட்டு ஐந்து ஸ்பீக்கர்கள்

செவ்வாய்க்கிழமை காலை ஜவுளிக்கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது எஸ்தர் அக்காவின் மகன் போனில் அழைத்தார். "மாமா, அம்மா போயிட்டாவ. தூக்கத்துலயே போயிட்டாவ" என்றார். தூக்கிய ஷட்டரை இறக்கிப் பூட்டினேன்.

சங்கரன்கோவில் சுற்றுவட்டாரத்தில் தண்ணீர் மோட்டார் வாங்கிய பலருக்கும் அக்காவைத் தெரியும். கணவர் மறைந்தபின் மோட்டார் கடையை ஒற்றை ஆளாக நடத்தினார்கள். ஓடும் மோட்டார்மேல் ஸ்குரூ டிரைவரை ஊன்றி, கைப்பிடியில் காதை வைத்து, "பேரிங் போச்சு" என்பார்கள். கழற்றிப் பார்த்தால் அதுதான் போயிருக்கும். அதே காதோடு ஞாயிறு மதியங்களில் மாடி அறையில் இசை டிஸ்க்குகளைச் சோதித்தார்கள் என்பது அங்கே கூடிக் கேட்ட எங்கள் நாலு பேருக்குத்தான் தெரியும்.

நான் அந்தக் கூட்டத்தில் சேர்ந்ததே சண்டை போட்டுத்தான். "ரெண்டு காதுக்கு ரெண்டு ஸ்பீக்கர் போதும்க்கா. அஞ்சு எதுக்கு?" என்றேன்.

"கேக்காமலே ஏன் பேசுத தம்பி? வந்து கேட்டுட்டுச் சொல்லு."

ஒரே இசையை சாதா சி.டி., அதைவிடத் துல்லியம் என்று விற்கும் எஸ்.ஏ.சி.டி., டி.வி.டி. ஆடியோ, ப்ளூ-ரே என்று வகைக்கொன்றாக வாங்கி வைத்திருப்பார்கள். எது ஓடுகிறது என்று தெரியாதபடி பிளேயர்களைத் துண்டால் மூடிவிடுவார்கள். எல்லாவற்றின் சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவார்கள். "சத்தத்தைக் கூட்டினா எந்த டிஸ்க்கும் நல்லாத்தான் இருக்கும். அது டிஸ்க்கோட பெருமை இல்ல." எது பிடித்தது, எந்த வாத்தியம் எந்தப் பக்கம் வந்தது என்று ஆளுக்கொரு தாளில் எழுத வேண்டும். இரண்டு ஸ்பீக்கரில் கேட்டால் எஸ்.ஏ.சி.டி.க்கும் டி.வி.டி. ஆடியோவுக்கும் தமக்கு வித்தியாசம் தெரியவில்லை என்று அவர்களே ஒருமுறை எழுதினார்கள். ஆசைப்பட்டு வாங்கியவர்கள் அப்படி எழுத மனசு வேண்டும். ஆனால் முன்னால் மூன்று, பின்னால் இரண்டு என்று ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் சத்தத்தைப் பிரித்துத் தரும் ஐந்து ஸ்பீக்கர் பதிவு வேறு சங்கதி என்பதில் மட்டும் அசையவே மாட்டார்கள்.

ஒரு ஞாயிறு, பின்னால் இடப்பக்கம் வயலின் வரும் பதிவு ஒன்றைப் போட்டார்கள். மற்ற மூவரும் "இடது" என்று எழுத, நான் "வலது" என்று எழுதினேன். எழுதியதோடு விட்டேனா? "ஒயரை மாத்திச் சொருகியிருக்கீங்க" என்று குதித்தேன். பாவம், அவர்கள் ஒவ்வொரு ஒயராகப் பிடித்துப் பார்த்தார்கள். எல்லாம் சரியாகவே இருந்தன.

அடுத்த வாரம் எங்கள் நாற்காலிகளைப் பின்சுவர் பார்த்துத் திருப்பிப் போட்டார்கள். அதே பதிவு. வயலின் இப்போது எல்லோருக்கும் முன்னால் வலப்பக்கம். நானும் "வலது" என்றே எழுதினேன். ஜெயித்துவிட்டதாக எனக்கு நினைப்பு வேறு!

மற்றவர்கள் போன பிறகு என்னை இருக்கச் சொன்னார்கள். "எப்படி உக்காந்தாலும் ஒனக்கு வலதுலயே வருது. ஒயர்ல ஒண்ணும் இல்ல தம்பி. ஒன் எடது காது கேக்குதா?"

கேட்கவில்லை. ஒரு வருடமாக மந்தம், அவ்வப்போது சீழ். எண்ணெய் விட்டுக்கொண்டு, போனை வலது காதில் வைத்துக்கொண்டு, வீட்டுக்கும் சொல்லாமல் ஓட்டியிருந்தேன். "சளிதான்க்கா" என்றேன்.

"மோட்டார் கத்தினா ஓடி வாரே. ஒன் காது கத்துது, அதை மூடி வைக்கே. நாளைக்குத் திருநெல்வேலி போறோம்."

கடையை அடைத்துவிட்டுக் கூடவே வந்தார்கள். காதுக்குள் வளர்ந்த சதை எலும்பை அரித்துக்கொண்டிருந்தது. இன்னும் விட்டிருந்தால் மூளைக்கே பரவியிருக்கும் என்றார் டாக்டர். அறுவை சிகிச்சை அன்று என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள்.

உயிர் பிழைத்தேன். கேட்கும் திறனும் பாதிக்குமேல் திரும்பியது. அதன்பின் அந்த வயலின் எனக்கு இடப்பக்கம் வந்த ஞாயிறன்று, தாளில் எழுத முடியாமல் அழுதுவிட்டேன். அக்கா சிரித்தார்கள். "இப்பச் சொல்லு, அஞ்சு எதுக்கு?"

நேற்று தேவாலயத்தில் அக்காவின் பெட்டிக்கு அருகே நின்றேன். பாடகர் குழு எனக்கு இடப்பக்கம் நின்று பாடியது. வலது காதை உள்ளங்கையால் இறுக மூடிக்கொண்டேன்.

கேக்குதுக்கா. போயிட்டு வாங்க.