மத்தியானத்தில் கழற்றி வைத்த வாட்ச்

திருச்சி மருத்துவமனையின் அவசரப் பிரிவு நடையில் மருத்துவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "எப்ப ஆரம்பிச்சதுங்கம்மா?" என்பதுதான். எனக்குத் தெரியவில்லை. என் கணவர் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். நன்றாகத்தான் பேசினார். சாயங்காலம் எழுப்பப் போனேன். வலது பக்கம் முழுவதும் விழுந்து, வாய் கோணிக் கிடந்தார். கண் மட்டும் என்னையே பார்த்தது.

பக்கவாதத்துக்கு (மூளைக்குப் போகும் ரத்தம் தடைபட்டுக் கை கால் செயலிழப்பது) ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி ஒன்று உண்டு. தொடங்கிய சில மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால், கடைசியாக நன்றாக இருந்த நேரத்தில் இருந்து கணக்கு. குரும்பலூர்ப் பக்கத்து எங்கள் ஊரில் இருந்து பெரம்பலூர், அங்கிருந்து திருச்சி என்று போய்ச் சேர்வதற்குள் அந்த நேரம் கடந்துவிட்டது.

மறுநாள், இவரை முன்பே பார்த்திருந்த இதய மருத்துவர் வந்தார். இவருடைய கையைத் திருப்பிப் பார்த்தார்.

"கட்டச் சொன்ன வாட்ச் எங்கம்மா?"

"பீரோவுல இருக்குங்க சார்."

அவர் கேஸ் தாளில் ஏதோ எழுதிக்கொண்டார். எனக்குத்தான் அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இதே நிலையில் வீட்டில் ஒருவரை வைத்திருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் அறிகுறி ஒன்றரை வருடத்துக்கு முன்பு, வெங்காய அறுவடையின்போது வந்தது. "நெஞ்சுக்குள்ள கோழிக்குஞ்சு உதறுற மாதிரி இருக்கு புள்ள" என்றார். சிறிது நேரத்தில் சரியாகிவிட்டது. பிறகு அடிக்கடி வந்தது. ஈசிஜி எடுத்தபோது ஒன்றும் இல்லை. ஹோல்டர் (ஒரு நாள் முழுக்க நெஞ்சில் ஒட்டி வைத்து இதயத் துடிப்பைப் பதியும் கருவி) வைத்துப் பார்த்த அன்றும் இதயம் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டது.

"வந்து வந்து போகுது. வர்றப்ப பிடிச்சாத்தான் மருந்து ஆரம்பிக்க முடியும்" என்றார் மருத்துவர். "நாடி பாக்குற வாட்ச் ஒண்ணு வாங்கிக் கட்டுங்க. ஒழுங்கில்லாம துடிச்சா அதுவே சொல்லும். ஆனா கழட்டாதீங்க."

சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் மகள் கவிதா வாங்கி வந்தாள். இவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எத்தன வருஷம்மா வரும்?" என்று கேட்டார்.

"மூணு வருஷம் வரும்ப்பா. அப்பறம் பேட்டரி இறங்கிடும். பிரிச்சு மாத்தவும் முடியாது."

"மூணு வருஷத்துல தூக்கிப் போட இது என்ன செருப்பா?"

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அவர் கையில் எந்தப் பொருளும் சீக்கிரம் செத்ததில்லை. எங்கள் பக்கம் போர்வெல் மோட்டாரை ஒரேயடியாக ஓட்ட மாட்டார்கள். கொஞ்ச நேரம் ஓட்டி, நிறுத்தி, சூடு ஆறவிட்டு மறுபடி போடுவார்கள். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் செம்புக் கம்பிச் சுருள் கருகிவிடும். ஊரில் எல்லாரும் மோட்டாரை மாற்றிவிட்டார்கள். இவர் மோட்டார் மட்டும் இன்னும் ஓடியது. அதில் இவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அதே வைத்தியத்தை வாட்சுக்கும் செய்தார். காட்டுக்கு (எங்கள் பக்கம் வயலைக் காடு என்றுதான் சொல்வோம்) போகும்போது கட்டிக்கொள்வார். திரும்பி வந்து, மத்தியானமோ ராத்திரியோ, படுக்கப் போகும்போது கழற்றி, அணைத்து, பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். நான் சண்டை போடாத நாள் கிடையாது.

"டாக்டரு கழட்டாதீங்கன்னு சொன்னாருல்ல?"

"படுத்துக் கெடக்குறவனுக்கு எதுக்கு வாட்ச்? வேலை செய்யிறப்பதான நெஞ்சு ஓடுது. அதுவும் செத்த ஆறட்டும் வுடு."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அப்படி இல்லை என்பதை மருத்துவமனையில்தான் தெரிந்துகொண்டேன். அங்கே படுக்கையோரத் திரையில் அந்தத் துடிப்பு பிடிபட்டது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேல் அறைகள் தாறுமாறாகத் துடிப்பது, அங்கே தேங்கும் ரத்தம் கட்டியாகி மூளைக்குப் போய்விடலாம்) என்றார்கள்.

"வேலை செய்யிறப்ப எல்லாருக்கும் துடிப்பு கூடும்மா. கை ஆடுறதுல வாட்சும் தடுமாறும்" என்றார் மருத்துவர். "சும்மா படுத்திருக்கும்போதுதான் அதுக்குச் சரியாப் பிடிபடும்."

"கட்டியிருந்தா இது வந்திருக்காதுங்களா சார்?"

"சொல்ல முடியாதும்மா. முன்னாடியே காட்டியிருக்கலாம், மருந்து ஆரம்பிச்சிருக்கலாம். காட்டாமலும் போயிருக்கலாம்."

இந்தப் பதிலை வைத்துக்கொண்டு எப்படி வாழ்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. சில நாள் இவர்மேல் கோபமாக இருக்கிறது. சோறு ஊட்டும்போது அந்தக் கோபம் இருந்த இடம் தெரியாமல் போய்விடுகிறது.

வீட்டுக்கு வந்த பிறகு பயிற்சிதான் வைத்தியம். காலுக்குக் கொஞ்சம் பலம் வந்தது. கை வரவில்லை. பேச்சுப் பயிற்சிக்கு வாரம் ஒருமுறை அரியலூருக்குப் பஸ்ஸில் கூட்டிப்போகிறேன். அவருக்குத் திரும்பி வந்த முதல் சொல் 'இருக்கட்டும்'. புதுச்சட்டை எடுத்தால், புதுப்போர்வை வாங்கினால், அந்தக் காலத்தில் அவர் சொல்வது அதுதான். இப்போது பசிக்கும் அதுதான், வலிக்கும் அதுதான். முகத்தைப் பார்த்துத்தான் எதற்கு என்று கண்டுபிடிக்கிறேன்.

பெரம்பலூரில் மொபைல் கடை வைத்திருப்பவரிடம் வாட்சைக் காட்டி விசாரித்தேன். "கட்டுனாலும் கட்டாட்டியும் பேட்டரிக்கு வயசாகுங்கக்கா" என்றார். "வார் அறுந்தா மாத்திக்கலாம். பேட்டரி போனா அவ்வளவுதான். ரெண்டு மூணு வருஷம் ஒழைச்சா நல்ல ஒழைப்புன்னு நினைச்சுக்குங்க." பொருள் இன்னும் கொஞ்சம் உழைத்தால் என்ன என்று எனக்கும் எரிச்சல்தான். அந்த எரிச்சலைக் கடைக்காரரிடமோ கம்பெனியிடமோ காட்டுங்கள். கையில் இருந்து கழற்றிக் காட்டாதீர்கள். செருப்பு மாதிரித் தேயட்டும் என்று கட்டிக்கொள்ளுங்கள். வாட்ச் ஒன்றும் சொல்லவில்லை என்பதற்காக மருத்துவரைப் பார்க்காமலும் இருந்துவிடாதீர்கள்.

இப்போது அது இவருடைய இடது கையில் எப்போதும் இருக்கிறது. குளிப்பாட்டும் நேரத்தில் மட்டும் சார்ஜ் போடுவேன். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையும் நடக்கிறது.

முன்பு எங்கள் வருடம் வெங்காய நடவில் தொடங்கி மக்காச்சோளத்தில் முடியும். இப்போது காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டோம். மழை பெய்தால் துணி காயாது என்பது மட்டும்தான் எனக்கு நினைவு வருகிறது. இவருடைய வலது கை வேலைகளை என் கை செய்கிறது. பல் தேய்ப்பது, பொத்தான் போடுவது, கொசு அடிப்பது. தோளில் வலி வந்தால் அது யாருடைய வலி என்று சில சமயம் குழம்பிப் போகிறேன்.

மத்தியானம் இவர் தூங்கும்போது என்னால் ஒரு வேலையும் செய்ய முடிவதில்லை. வாட்ச் துடிப்பை எண்ணிக்கொண்டுதான் இருக்கிறது. அதை நம்பி எழுந்து போக மனசு வரவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஊருக்கெல்லாம் வெயில் தாழ்ந்த பிறகு இவர் கண்ணைத் திறப்பார். எனக்கு அப்போதுதான் பொழுது விடிகிறது.