வளர்ற பிள்ளைக்கு வாங்கிய மேசை

அன்னக்கொடிக்கு ஒரு விஷயத்தில் சந்தேகமே கிடையாது. தான் எட்டாம் வகுப்போடு நின்றுபோனதற்குக் காரணம் தரைதான். சில்லிட்ட சிமெண்டுத் தரையில் சாக்கை விரித்துக் குப்புறப் படுத்துப் படித்தால் சளி பிடிக்கும், தூக்கம் வரும், படிப்பு மட்டும் வராது. அவளுடைய அப்பா நடுவருஷத்தில் பூண்டு எடுக்கக் கூட்டிப்போனதும், எடுத்து முடித்த பிறகு பள்ளிக்கூடத்துக்குத் திருப்பி அனுப்பாததும் இந்தக் கணக்கில் சேராது. பெற்றவரைக் குறை சொல்வதைவிடத் தரையைக் குறை சொல்வது சுலபம். தரை எதிர்த்துப் பேசாது.

வில்பட்டியிலிருந்து வெள்ளனே கிளம்பி, கொடைக்கானலில் ஒரு லாட்ஜில் அறை கூட்டி, படுக்கை விரிப்பு மாற்றுவது அவள் வேலை. ஒருநாள் அறையைச் சுத்தம் செய்யப் போனபோது, சென்னையிலிருந்து வந்த ஒரு சின்னப் பெண் மேசை முன்னால் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ஊர் சுற்ற வந்த இடத்தில்கூட எழுத்து! அன்னக்கொடி துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த நிமிர்ந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குச் சாயங்காலமே முடிவாகிவிட்டது. மூன்றாவது படிக்கும் தன் மகள் லாவண்யா இனிமேல் தரையில் படிக்கமாட்டாள்.

கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு மரச்சாமான் கடை. புருஷன் சண்முகராஜ் காய்கறி லோடு ஜீப் ஓட்டுகிறவன், வண்டியோடு வந்திருந்தான். கடைக்காரர் முதலில் காட்டியது சின்னப்பிள்ளைகளுக்கான ரோஸ் கலர் மேசையும் குட்டி நாற்காலியும். பட்டாம்பூச்சிப் படம் போட்டிருந்தது. லாவண்யா போய் உட்கார்ந்தாள். கால் தரையில் பதிந்தது, முழங்கை மேசையில் பதிந்தது. எழுந்திருக்க மனசே இல்லை அவளுக்கு.

"ரெண்டு வருசத்துல பத்தாமப் போயிருங்க இது. அப்புறம் என்னத்துக்கு, கோழி அடைக்கவா?" என்றாள் அன்னக்கொடி.

கடைக்காரர் சளைக்கவில்லை. காலை ஏற்றி இறக்குகிற மாதிரி திருகு வைத்த இரும்பு மேசை ஒன்றைக் காட்டினார். பிள்ளை வளர வளர மேசையும் வளருமாம். சண்முகராஜுக்கு அது பிடித்துப்போனது. ஜீப் ஓட்டுகிறவனுக்குத் திருகு, நட்டு என்றால் ஒரு ஆசைதான்.

"இதையே எடுப்போம் அன்னம். புள்ளைக்கு இப்பவும் ஆகும், பின்னாடியும் ஆகும்."

"இரும்பு இந்தக் குளிருக்குத் துருப்பிடிச்சுப் போகும். கையி வைக்க முடியாது, ஐஸாட்டம் இருக்கும். நீங்க சும்மா இருங்க."

அவள் எடுத்தது சில்வர் ஓக் மரத்தில் செய்த பெரிய மேசை, பெரிய நாற்காலி. கலெக்டர் உட்காரலாம். எட்டு வயசுப் பிள்ளை உட்கார்ந்தால் மோவாய் மட்டும்தான் மேலே தெரியும்.

அவளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. நம் பக்கத்தில் பிள்ளைக்கு அளவாக ஒன்றை வாங்குகிறவள் ஊதாரி. செருப்பு என்றால் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். சட்டை தோளில் தொங்க வேண்டும். சீருடைப் பாவாடையை இரண்டு மடிப்பு உள்ளே மடித்துத் தைக்க வேண்டும், வருஷத்துக்கு ஒரு மடிப்பாகப் பிரித்துவிட. யாராவது சிரித்தால் "வளர்ற புள்ள" என்று ஒரு சொல் போதும், வாயை மூடிக்கொள்வார்கள். நானும் அப்படி வளர்ந்தவன்தான். சரியான அளவில் நான் போட்ட முதல் சட்டை என் கல்யாணச் சட்டை.

மேசை வந்தபின் வீட்டில் நடக்க வழியில்லை. ஜன்னலோரம் போட்டார்கள். லாவண்யா இரண்டு தலையணை போட்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்து படித்தாள். கால் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருக்கும். சண்முகராஜ் ஒரு தக்காளிப் பெட்டியைக் காலுக்கு முட்டுக் கொடுத்தான். அன்னக்கொடி அதை எடுத்து வெளியே போட்டாள். "கால் தொங்குனாத்தான் நீளும். முட்டுக் கொடுத்தா அப்படியே நின்னுரும்" என்றாள். எங்கே படித்தாளோ!

நாள் ஓடியது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "அம்மாடி, எம்மாம் பெரிய மேசை!" அன்னக்கொடிக்குப் பெருமை தாங்காது. ஆறாம் வகுப்புக்குத் தைத்த பாவாடையை லாவண்யா எட்டாம் வகுப்பிலும் போட்டாள். ஒரு மடிப்பைக்கூடப் பிரிக்கவில்லை. "நாம எடுத்த துணி அப்படி உழைக்குது" என்று அன்னக்கொடி லாட்ஜில் கூட வேலை பார்க்கிறவர்களிடம் சொன்னாள். செருப்பும் அப்படியே உழைத்தது.

படிப்புதான் உழைக்கவில்லை. மூன்றாம் வகுப்பில் துறுதுறுவென்று இருந்த பிள்ளை போகப்போக மந்தமானாள். புத்தகத்தின்மேல் தலை வைத்துத் தூங்கினாள். எந்நேரமும் குளிருது குளிருது என்று ஸ்வெட்டருக்குமேல் ஸ்வெட்டர். கொடைக்கானலில் யாருக்குத்தான் குளிரவில்லை? முகம் லேசாக ஊதியிருந்தது. நல்ல சதை பிடித்திருக்கிறது என்றார்கள். மேசையை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தால் அன்னக்கொடிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ராசாத்தி மாதிரி மேசை வாங்கிப் போட்டிருக்கேன், தரையில என்னடி சோலி ஒனக்கு? ஏறு மேல!"

ஒருமுறை முதுகில் ஒன்று வைத்தாள். லாவண்யா அழவில்லை. ஏறி உட்கார்ந்தாள்.

எட்டாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறைக்கு, பாலசமுத்திரத்தில் இருக்கும் அன்னக்கொடியின் தங்கை மகள் பிரியா வந்தாள். லாவண்யாவைவிட இரண்டு வயது இளையவள். ஒருநாள் சாயங்காலம் அன்னக்கொடி வேலை முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது, பிரியா அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ படம் வரைந்துகொண்டிருந்தாள். தலையணை இல்லை. முதுகு நிமிர்ந்திருந்தது. இரண்டு காலும் தரையில் முழுசாகப் பதிந்திருந்தன. பக்கத்தில் லாவண்யா மேசை விளிம்பில் மோவாயை ஊன்றிக்கொண்டு அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்னக்கொடி கழற்றிய செருப்பைக் கையில் பிடித்தபடியே நின்றாள். மேசை பெரிதில்லை.

மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. ரத்தம் எடுத்தார்கள், கையை எக்ஸ்ரே படம் பிடித்தார்கள். டாக்டரம்மா கோபக்காரி இல்லை, மெதுவாகத்தான் கேட்டாள்.

"கடைசியா எப்பம்மா இவளுக்கு உடுப்பு சின்னதாப் போச்சு?"

எந்தத் தாயும் யோசிக்காமல் சொல்லிவிடுகிற பதில் அது. அன்னக்கொடி யோசித்தாள். செருப்பை யோசித்தாள், பாவாடையை யோசித்தாள், ஸ்வெட்டரை யோசித்தாள். எதுவும் சின்னதாகப் போகவேயில்லை. எல்லாமே இன்னும் பெரிதாகவே இருந்தன. சண்முகராஜ் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

தைராய்டுச் சுரப்பி வேலை செய்யவில்லையாம். பல வருஷமாகவே அப்படித்தானாம். தூக்கம், குளிர், மந்தம், ஊதின முகம், நின்றுபோன உயரம், எல்லாம் அதனால்தான். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, அவ்வளவுதான் வைத்தியம். அந்தக் குட்டி மாத்திரையைப் பார்த்தபோதுதான் அன்னக்கொடி வாய்விட்டு அழுதாள். ஆபரேஷன், ஊசி என்று ஏதாவது பெரிதாகச் சொல்லியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

மாத்திரை லாவண்யாவைத் தட்டி எழுப்பியது. முகம் வற்றியது, கண் முழித்துக்கொண்டது. ஒன்பதாம் வகுப்பில் தேறி, பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலேயே இரண்டாவதாக வந்தாள். உயரமும் கொஞ்சம் கூடியது. அன்னக்கொடி பழனி மலைக்கு நேர்ந்துகொண்டு படியேறினாள். முட்டை, பால், பேரீச்சம்பழம் என்று ஊட்டாத ஊட்டமில்லை. ஆனால் மறுபடி கையைப் படம் பிடித்துப் பார்த்த டாக்டரம்மா, எலும்பு வளர்கிற இடம் மூடிவிட்டது, இனிமேல் வளராது என்றாள். போன வருஷங்கள் போனவைதான்.

பதினொன்றாம் வகுப்பு தொடங்கிய சமயம், லாவண்யா சோறு தின்றுகொண்டே கேட்டாள்.

"அம்மா, மேசைக் காலையும் நாற்காலிக் காலையும் அறுத்துருவோமா? இந்த வருசம் எழுத்து வேலை நெறையக் கெடக்கு."

"என்ன அவசரம்? இன்னும் கொஞ்ச நாள் பாப்போம்."

"என்னத்தப் பாக்கப் போற?"

அன்னக்கொடி தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அறுத்துவிட்டால் முடிந்தது என்று ஆகிவிடுமே. அதுதான் அவளுக்குப் பயம். டாக்டர் சொன்னது டாக்டரோடு. மேசை முழுசாக நிற்கிறவரைக்கும் பிள்ளை எட்டிப்பிடிக்க இன்னும் ஏதோ மிச்சம் இருப்பதாக ஒரு பைத்தியக்கார நம்பிக்கை. லாவண்யா இரண்டு நாள் விட்டாள். மூன்றாம் நாள், "நான் படிக்கணும்மா" என்று மட்டும் சொன்னாள். அதற்குமேல் ஒரு தாய் என்ன வீம்பு பிடிக்க முடியும்?

ஞாயிற்றுக்கிழமை ஞானவேல் ஆசாரி ரம்பத்தோடு வந்தார். அவருக்கு இவர்களை முன்னப்பின்னத் தெரியாது. மேசையைத் தட்டிப் பார்த்தார். நல்ல மரம் என்றார். லாவண்யாவை நாற்காலியில் உட்காரச் சொல்லிப் பாதத்திலிருந்து முழங்கால் வரை அளவெடுத்தார்.

"பாப்பா ஆறாப்பா, ஏழாப்பா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அன்னக்கொடியிடம் திரும்பினார். "தாயி, வளர்ற புள்ள. நாலு விரக்கட கூடவே விட்டு அறுக்கட்டா? இல்லேன்னா அடுத்த வருசமே பத்தாமப் போயிரும்."

லாவண்யா அம்மாவைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"வேணாம்ண்ணே" என்றாள் அன்னக்கொடி. "அவ பதினொண்ணு படிக்கா. வளர வேண்டியதெல்லாம் வளந்துட்டா. அவ அளவுக்கே அறுங்க."

ஆசாரி பென்சிலால் கோடு போட்டார். ரம்பம் ஓடும்போது ஆடாமலிருக்க ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். சண்முகராஜ் வருவதற்குள் அன்னக்கொடியே குத்துக்காலிட்டு நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் மரத்தூளில் சொட்டியது. துடைக்கக் கை இல்லை.

எல்லாம் முடிந்து ஆசாரி போனபிறகு லாவண்யா வேதியியல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். தலையணை வேண்டியிருக்கவில்லை. பாதம் இரண்டும் தரையில் இருந்தன. ரொம்ப நேரம் எழுதினாள். அன்னக்கொடி டீ கொண்டுபோய் வைத்தபோது நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

"அம்மா, இப்ப கால் மரத்துப் போகவே இல்ல."

கால் மரத்துப்போகும் என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.